துருவும் உருவும்

பழுதுற்ற பொருளைச் செப்பனிடுவதா, கைவிடுவதா என்னும் வினா மாந்தர்க்குப் புதியதன்று. ஓட்டைக் குடத்தை அடைப்பவனும் இடிந்த மதிலை எடுத்துக் கட்டுபவனும் அவ்வினாவுக்கு ஒரு விடை கண்ட பின்னரே கையில் கருவியை எடுக்கின்றனர். பெரும்பாலும் அவ்விடை எளிது. குடத்தால் பயன் உண்டு. மதிலால் காவல் உண்டு. ஆனால் பயனும் காவலும் இன்றி, பழமை ஒன்றையே தன் உடைமையாகக் கொண்டு ஒரு பொருள் துருவேறி நிற்குமாயின், அதற்கு மனிதன் எவ்வளவு கடமைப்பட்டவன்? பணத்தையும் காலத்தையும் உழைப்பையும் அதன்மேல் கொட்டுவது அறிவுடைமையா, பேதைமையா? இவ்வினாவை ஆகாயத்தில் வைத்துப் பேசுவதைவிட ஒரு காரின்மேல் வைத்துப் பேசுவது நன்று.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்குத் தெற்கே ஏபிங்டன் என்றோர் ஊர் உண்டு. 1929 முதல் 1980 வரை எம்.ஜி. கார்த் தொழிற்சாலை அங்கே இயங்கியது. அதன் படைப்புகளுள் பேர்பெற்றது எம்.ஜி.பி. என்னும் சிறிய விளையாட்டுக் கார். 1962இல் பிறந்த அக்கார், தொழிற்சாலை மூடப்பட்ட 1980 வரை வெளிவந்தது. அதன் உடன்பிறப்பு வகைகளையும் சேர்த்து எண்ணினால் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டவை உருவாயின. அவற்றுள் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று. நான்கு உருளைகள் கொண்ட 1798 கன சென்டிமீட்டர் இயந்திரம், எளிய அமைப்பு, நடுத்தர வருவாயினர்க்கும் எட்டும் விலை ஆகியவையே அதன் இயல்புகள். செல்வர்க்கென்றே செய்யப்பட்ட கார் அன்று அது. இளமையில் ஒரு முறையேனும் கூரையைத் திறந்துவிட்டுக் காற்றில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஏங்கிய எழுத்தர்களும் ஆசிரியர்களும் வாங்கிய கார்.

அத்தகைய கார்களுள் ஒன்று, பல்லாண்டு கழித்து, ஆக்ஸ்போர்டுச் சிற்றூர் ஒன்றின் கொட்டகையில் தார்ப்பாயின்கீழ்க் கிடப்பதாகக் கொள்க. வாங்க வந்தவன் தார்ப்பாயை விலக்குகிறான். சக்கரங்களில் காற்றில்லை, இருக்கையில் எலி கூடு கட்டியிருக்கிறது, கதவின் அடியில் செந்நிறத் தூள் உதிர்ந்து கிடக்கிறது. வளைந்து தாழ்ந்த அதன் முகப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அவன் மனம் அந்தக் கணத்திலேயே பாதி முடிவு செய்துவிடுகிறது. அறிவு வந்து சேர்வதற்கு இன்னும் சற்று நேரம் ஆகும்.

அறிவு வந்து சேர்ந்ததும் அது ஆராய வேண்டுவது துருவின் இயல்பையே. இரும்பும் நீரும் உயிர்வளியும் கூடுமிடத்தில் துரு பிறக்கும். உப்புச் சேருமாயின் விரைந்து வளரும். குளிர்நாட்டில் பனி உறைந்து வழுக்காதிருக்கச் சாலைகளில் உப்பைத் தூவுவர். அவ்வுப்புநீர் காரின் அடிவயிற்று இடுக்குகளில் எல்லாம் புகுந்து தங்கிவிடும். அலுமினியத்தின்மேல் படியும் மாசு ஒரு போர்வைபோல் அவ்வுலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ அத்தகைய நண்பன் அன்று. அது நுண்துளைகள் நிறைந்தது. தான் பிறந்த இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே ஏடு ஏடாக உரிந்து விழுந்து, அடியிலுள்ள நல்ல இரும்பை மீண்டும் காற்றுக்கும் நீருக்கும் காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுத்தல் என்னும் சொல் இங்கே எவ்வளவு பொருத்தமாக அமைகிறது!

எங்கே துரு என்பதும் எண்ணத்தக்கது. எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டம் கிடையாது. தகடுகளால் ஒட்டவைக்கப்பட்ட உடற்கூடே சட்டமாகவும் நின்று பளுவைத் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதியைச் 'சில்' என்பர். கூரையற்ற காரில் முன்பாதியையும் பின்பாதியையும் பிணைத்து நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்கே உரியது. வெளித்தகடு மினுங்கிக்கொண்டிருக்க உட்தகடு அரித்துப் போயிருத்தல் கூடும். அத்தொழில் அறிந்தோர் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் வைத்திருப்பர். ஓட்டையை மாவுப்பசையால் அடைத்து வண்ணம் பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. காரை நெம்பி உயர்த்தும்போது கதவின் இடுக்குச் சுருங்கிக் கதவு இறுகுமாயின், முதுகெலும்பே தளர்ந்துவிட்டது என்பது பொருள். இயந்திரம் ஓடவில்லை என்பது பெருங்குறையன்று. அதைக் கழற்றிச் செப்பனிடலாம், இல்லையேல் வேறொன்றைப் பொருத்தலாம். 'ஒரே திருப்பில் உயிர்பெறும்' என்று விற்பவர் இயந்திரத்தின் பெருமையைப் பேசும்போது, வாங்குபவன் குனிந்து கதவின் அடியைப் பார்ப்பதே அறிவுடைமை.

இனிப் பணம். கூலி கொடுத்து வேலை வாங்கினால், இத்தகைய காரைச் சீராக்கும் செலவு, சீரான பின் அது விற்கும் விலையை விஞ்சிவிடுவதே பெரும்பான்மை வழக்கம். ஆகவே ஊதியம் கருதி இதில் இறங்குவோர் தொடக்கத்திலேயே தோற்றவர். இதைவிடக் கொடியது பாதி வழியில் வரும் மயக்கம். 'இவ்வளவு செலவிட்டாயிற்றே, இனி எப்படி விடுவது?' என்று மேலும் மேலும் செலவிடுதல் சூதாடியின் கணக்கு. போன பணம் போனதுதான். இனிப் போகவிருக்கும் பணத்திற்குத்தான் காரணம் கேட்க முடியும்.

'பொருளுக்காக அன்று, பழம்பெருமை ஒன்றைக் காக்கிறேன்' என்று அவன் மறுமொழி கூறலாம். கேட்பதற்கு இனிய காரணம். ஆயினும் ஆராய்ந்தால் அது அத்துணை உறுதியாக நிற்பதில்லை. பழந்தமிழ் நூல்களை ஓலையில் எழுதினர். ஓலையைச் செல் அரிக்கும். ஆகவே அரித்து முடியுமுன் வேறோர் ஓலையில் படியெடுத்தனர். ஓலைகள் மடிந்தன, நூல் வாழ்ந்தது. இந்தக் கார் நூலா, ஓலையா? அதன் வடிவமைப்பே போற்றத்தக்கது என்றால் அது ஐந்து இலட்சம் படிகள் எடுக்கப்பட்ட நூல். கொட்டகையில் ஒரு படி மடிவதால் நூலுக்குக் கேடொன்றும் இல்லை. அதுவுமன்றி, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுக் கருவிகளைத் தேடியெடுத்து, 1988 முதல் எம்.ஜி.பி.யின் உடற்கூட்டையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கிற்று. வடிவத்தைக் காப்பது மட்டுமே நோக்கமாயின், துருவேறிய கூட்டை எறிந்துவிட்டுப் புதுக்கூடு ஒன்றை வாங்கிப் பழைய இயந்திரத்தை அதில் ஏற்றிவிடலாம். வேலையும் குறையும், காரும் உறுதியாகும். அதைச் செய்ய அவன் உள்ளம் தயங்குமாயின் உண்மை வெளிப்பட்டுவிட்டது. அவன் நேசிப்பது நூலை அன்று, அந்த ஓலையை.

இங்கேதான் தத்துவம் வந்து குறுக்கே நிற்கிறது. ஏதென்ஸ் மக்கள் தீசியஸ் வீரனின் மரக்கலத்தைப் பேணிவந்ததையும், உளுத்த பலகையை நீக்கிப் புதுப்பலகை வைத்தவாறே இருந்ததையும், 'இது பழைய கலமா, புதுக்கலமா?' என்று அறிஞர் வாதிட்டதையும் புளூட்டார்க் எழுதிவைத்தார். நீக்கிய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து இன்னொரு கலம் கட்டினால் எது தீசியஸின் கலம் என்று 1655ஆம் ஆண்டில் தாமஸ் ஹாப்ஸ் மேலும் ஒரு முடிச்சுப் போட்டார். கீழைநாட்டில் மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரையே காட்டினார்: சக்கரம் தேரா, அச்சுத் தேரா, நுகம் தேரா? எதுவுமன்று, அவை கூடியவிடத்து வழங்கும் பெயரே தேர். துறவிக்கு அவ்விடை போதும். காரை வாங்கியவனுக்குப் போதாது.

நீதிமன்றத்துக்கும் போதவில்லை. 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பெயர்கொண்ட பென்ட்லி பந்தயக் கார் 1929இலும் 1930இலும் பிரான்சின் லெமான் பந்தயத்தில் வென்றது. பின்னர் பலமுறை மாற்றியமைக்கப்பட்டது. 1932இல் புரூக்லண்ட்ஸ் ஓடுகளத்தில் விபத்துக்குள்ளாகி ஓட்டியவரின் உயிரையும் கொண்டது. மீண்டும் புதுவடிவம் பெற்றது. 1990இல் அதனை 1 கோடி பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டோர், 'இது அந்தக் காரே அன்று' என்று பின்வாங்கினர். வழக்கு இலண்டன் உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. 1929ஆம் ஆண்டின் உறுப்புகளில் எஞ்சியவை மிகச் சிலவே என்பதை நீதிபதி ஒட்டன் மறுக்கவில்லை. எனினும், புதிய உறுப்புகள் ஒரே அடியாக அன்றிக் காலந்தோறும் சிறிது சிறிதாக முழுமையோடு கலந்தமையால் கார் தன் அடையாளத்தை இழக்கவில்லை என்றும், அப்பெயருக்கு உரிமை கொண்டாட வேறு கார் எதுவும் இல்லை என்றும், விற்கப்பட்டது உலோகம் மட்டுமன்று, அதன் வரலாறும்தான் என்றும் தீர்த்தார்.

இத்தீர்ப்பு ஊன்றிப் படிக்கத்தக்கது. எத்தனை உறுப்பு பழையது என்னும் எண்ணிக்கையைவிட, மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்கு அது முதன்மை தருகிறது. துருவேறிய தகட்டை அளவாக வெட்டி, அவ்விடத்தில் புதுத்தகட்டைப் பற்றவைத்து, அடுத்த தகட்டுக்குச் செல்பவன் அதே காரைத் தொடர்ந்து வாழவைக்கிறான். பழைய கூட்டை எறிந்து, அதன் எண்தகட்டை மட்டும் கழற்றிப் புதுக்கூட்டில் அறைபவன் வேறொன்றைச் செய்கிறான். அது குற்றம் என்பதற்கில்லை. அதைச் சொல்லாமல் விற்பதே குற்றம். பெரிதும் மாற்றப்பட்ட வண்டி பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதற்குப் பிரிட்டிஷ் வாகனப் பதிவகம் பல்லாண்டு காலம் ஒரு மதிப்பெண் முறையைக் கையாண்டது. சட்டத்துக்கு அல்லது உடற்கூட்டுக்கு 5 மதிப்பெண். இயந்திரத்துக்கு 1 மட்டுமே. காரின் உயிர் இயந்திரத்தில் இருப்பதாக எண்ணுவோர் இதைக் கண்டு வியப்பர்.

ஜான் ரஸ்கின் 1849இல் பழங்கட்டடங்களைப் புதுப்பிப்பதையே பொய் என்று கடிந்தார். அவர் வழிநின்ற வில்லியம் மோரிஸ், பழங்கட்டடங்களைச் சுரண்டிப் புதுமையாக்குவதைத் தடுக்க 1877இல் ஒரு சங்கமே அமைத்தார். ஏபிங்டனில் ஒருநாளும் கண்டிராத மினுக்கத்தோடு இன்று காட்சிக்கு நிற்கும் சில கார்களைப் பார்க்கும்போது ரஸ்கினின் சினம் நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும் அவர் கூற்றை முழுமையாகக் காருக்குப் பொருத்துதல் தகாது. பாழடைந்த கோயில் பாழடைந்த நிலையிலும் பேசும். ஓடாத கார் ஊமை.

அப்படியாயின் எஞ்சும் காரணம்தான் யாது? கைத்தொழில் ஒன்று உண்டு. தகடு வெட்டவும், பற்றவைக்கவும், திருகாணிகளைப் பிரித்து வரிசை தவறாமல் வைக்கவும் கற்றுக்கொள்பவன் அக்காரினும் பெரிதாகிய ஒன்றைப் பெறுகிறான். தந்தை ஓட்டிய கார் என்பது இன்னொரு காரணம். அதற்கு வாதம் தேவையில்லை. ஆனால் இவ்விரண்டுக்கும் விலை உண்டு. விலை கொடுப்பவர் பல வேளைகளில் அவன் அல்லர். மாலைப் பொழுதுகள் எல்லாம் கொட்டகையில் கழிய, வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருப்பர். ஐந்தாண்டு கழித்துக் கார் வெளிவரும்போது அதில் ஏற விரும்பும் வயதை அவர்கள் கடந்திருத்தலும் கூடும். சிறுவன் ஒருவனும் அக்கொட்டகையில் நின்று திருகியைக் கைமாற்றித் தருவானாயின் கணக்கு வேறு. இதைத் தீர்மானிக்க வேண்டுவது காந்தம் அன்று.

இவ்விடத்தில் ஒரு கடமையை மட்டும் தயக்கமின்றிக் கூறலாம். மீண்டும் பூட்ட முடியாதவன் கழற்றக்கூடாது. துருவேறினும் முழுமையாக நிற்கும் காரை நாளை வேறொருவன் காப்பாற்றுவான். உறுப்பு உறுப்பாகப் பிரிக்கப்பட்டு, பெயரெழுதாத பெட்டிகளில் நிறைந்து, பாதி தொலைந்துபோன காரை எவரும் காப்பாற்ற இயலாது. துருவால் அழிந்தவற்றைப் போலவே ஆர்வத்தால் அழிந்த கார்களும் பல உண்டு. முதல் திருகாணியைத் தொடுமுன் அவன் அந்தக் கொட்டகையில் இன்னும் ஒரு மாலை சும்மா அமர்ந்து பார்ப்பது தகும்.

'வேண்டாம்' என்பதே விடையானால் அதிலும் தலைகுனிய ஏதுமில்லை. பற்சக்கரப் பெட்டி, பின் அச்சு, கம்பிச் சக்கரங்கள், கதவின் பிடி, கண்ணாடிச் சட்டம் என அக்காரிலிருந்து நல்லவற்றை எடுத்து, நிற்கத்தக்க வேறு மூன்று நான்கு கார்களுக்கு அளித்துவிடலாம். எண்தகட்டை மட்டும் தனியே விற்காமல், எஞ்சிய கூட்டோடு சேர்த்தே இரும்புக்கடைக்கு அனுப்ப வேண்டும்.