ஏலத்தில் கூடுதலாகக் கொடுத்த காசு யாருடையது?

கிள்ளானில் வளர்ந்த எனக்கு ‘ஏலம்’ என்ற சொல்லுக்கு முன்பே ‘லெலோங்’ தெரியும். பசார் மாலாமில் துணி விற்பவர் “லெலோங்! லெலோங்!” என்று கத்துவார். நம் மனசில் அது ‘மலிவு’ என்றே பதிந்துவிட்டது. மலாய் லெலோங்கும் தமிழ் ஏலமும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தவை என்று அகராதிகள் சொல்கின்றன. ஆனால் உண்மையான ஏலத்துக்குப் போய்ப் பாருங்கள், மலிவுக்கு அங்கே எந்த உத்தரவாதமும் கிடையாது. பழைய சாமானைப் புதுசின் விலைக்கு, சில நேரம் அதற்கும் மேலே கொடுத்து, சிரித்துக்கொண்டே வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் ஒரு தர்மக் கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவில்லை. விற்பவர் பொருளைக் கண்முன்னே வைத்தார். வாங்கியவர் தன் கையைத் தானே தூக்கினார். அப்படியிருந்தும் ஏதோ ஒரு தப்பு நடந்துவிட்டது போல மனசு உறுத்துகிறது. அது யாருக்குச் செய்த தப்பு? “அவன் காசு, அவன் இஷ்டம்” என்று விட்டுவிடலாமா?

என் மாமா கிள்ளானில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். மூடப்பட்ட ஒரு தொழிற்சாலையின் இயந்திரங்கள் ஏலத்துக்கு வந்தபோது, “மெக்கானிக்கல் படிக்கிறல்ல, வந்து பாரு” என்று என்னையும் அழைத்துப் போனார். ஏல நிபந்தனை எப்போதும் போலத்தான்: பொருள் இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் விற்கப்படும். வாங்கிய பிறகு பழுது தெரிந்தால் யாரும் பொறுப்பில்லை.

முந்தைய நாள் பார்வையிட விட்டார்கள். மாமா லேத்தின் பெயின்டைப் பார்க்கவே இல்லை. கேரேஜை சக் பக்கம் கொண்டுவந்து ஆட்டிப் பார்த்தார், லேசாக ஆடியது. கடைசி முனைக்குத் தள்ளினார், அங்கே இறுக்கமாக நின்றது. “பார்த்தியா? வேலை நடந்தது பூரா இந்தப் பக்கம். பெட் இங்கதான் தேஞ்சிருக்கு. இங்க டைட் பண்ணா அங்க நகராது.” வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுத்ததை அவர் இரண்டு நிமிடத்தில் கையால் காட்டிவிட்டார். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். பெட்டைக் கிரைண்டிங் பண்ண இவ்வளவு, கிரேன் லாரிக்கு இவ்வளவு, மூன்று ஃபேஸ் ஒயரிங்குக்கு இவ்வளவு. எல்லாம் கழித்து அவர் எழுதிய விலை 14,000 ரிங்கிட்.

மறுநாள் அந்த லேத் 23,500-க்குப் போனது. 14,000 தாண்டியதும் மாமா கையைக் கட்டிக்கொண்டார். கடைசி வரை மோதிக்கொண்டவர்கள் இரண்டு பேர். 18,000-க்கு மேல் இருவரும் இயந்திரத்தைப் பார்க்கவே இல்லை, ஒருவரை ஒருவர்தான் பார்த்துக்கொண்டார்கள். வாங்கியவர் மாமாவுக்குத் தெரிந்தவர், நாலு பேரை வைத்து வேலை நடத்துகிறவர். வரும் வழியில் மாமா சொன்னார்: “அவன் லேத்தை வாங்கலடா தம்பி. எதிர்ல நின்னவனோட மூஞ்சி தொங்குறதைப் பார்க்க ஒன்பதாயிரம் கட்டியிருக்கான்.” அந்த மாதம் அவருடைய ஆட்களுக்குச் சம்பளம் இரண்டு வாரம் தள்ளித்தான் கிடைத்தது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இதில் ரோஷம் ஒரு பாதிதான். இன்னொரு பாதி சுத்தமான கணக்கு. 1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்த கேப்பன், கிளாப், கேம்பல் என்ற மூன்று பொறியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் நிலங்களை ஏலத்தில் ஜெயித்த நிறுவனங்களுக்கு எதிர்பார்த்த லாபம் ஏன் வரவில்லை என்பதுதான் விஷயம். அவர்கள் சொன்னதை நம் லேத்துக்கு வைத்துப் பார்க்கலாம். பத்துப் பேர் மதிப்புப் போடுகிறார்கள். சிலர் கூட்டிப் போடுவார்கள், சிலர் குறைத்துப் போடுவார்கள், சராசரி ஓரளவு சரியாக இருக்கும். ஆனால் ஜெயிப்பவர் சராசரி ஆள் அல்ல. பத்துப் பேரில் மிக அதிகமாக மதிப்புப் போட்டவர்தான் ஜெயிப்பார். அதாவது, பெட் தேய்ந்திருப்பதைக் கவனிக்காமல் விட்டவர் அவராக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்கு ‘வெற்றியாளரின் சாபம்’ என்று பெயர். கூட்டம் கூடக் கூட நம் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கணக்கின் முடிவு. நம் சுபாவம் நேர் எதிர். கூட்டத்தைப் பார்த்தால், “இத்தனை பேர் வந்திருக்காங்கன்னா நல்ல சாமான்தான் போல” என்று இன்னும் ஏறுவோம்.

ரோஷத்துக்கு இடமில்லாத ஏலமும் உண்டு, நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1எம்டிபி வழக்கில் கைப்பற்றப்பட்ட ‘இக்குவானிமிட்டி’ உல்லாசக் கப்பல் 2018 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதை முதலில் வாங்கக் கொடுத்த விலை சுமார் 25 கோடி அமெரிக்க டாலர் என்று சொல்லப்பட்டது. நீதிமன்றத்தின் மூலம் விற்றபோது மூடிய உறையில் விலை கேட்டார்கள். யார் முகத்தையும் யாரும் பார்க்க முடியாது, கைதட்டல் இல்லை, “அவ்ளோதானா சார்?” என்று சீண்ட ஆளும் இல்லை. கடைசியில் 2019 ஏப்ரலில் கெந்திங் மலேசியா நிறுவனம் 12 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கியது. கோடீஸ்வரர்கள் நிதானமாகத்தான் இருக்கிறார்கள். ரோஷப்பட்டு மாட்டிக்கொள்வது நாலு பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறவர்!

இதையெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஒரு நண்பனிடம் சொன்னேன். அவன் அக்கவுண்டிங் படிக்கிறவன், லேசில் விடமாட்டான். “மச்சான், அந்த ஃபேக்டரி திவாலானது. கூடக் கொடுத்த ஒன்பதாயிரம் அங்க சம்பள பாக்கி இருக்கிற ஆளுங்களுக்குப் போயிருந்தா? நல்ல காரியம்தானே?” என்றான்.

நியாயமான கேள்விதான். நம் நாட்டின் 2016 கம்பெனிச் சட்டத்தில், கலைப்புச் செலவுக்கு அடுத்தபடி தொழிலாளர் சம்பளத்துக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் இயந்திரத்தை வங்கி கடனுக்கு ஈடாகப் பிடித்திருந்தால், அந்தக் காசு பெரும்பாலும் வங்கிக்குத்தான் முதலில் போகும். சரி, தொழிலாளிக்கே போனது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், கையைத் தூக்கியவர் அந்தத் தொழிலாளியை நினைத்தா தூக்கினார்? அவருடைய சொந்த ஆட்களின் இரண்டு வாரத்தை எடுத்து, முகம் தெரியாத ஆட்களுக்குக் கொடுத்ததைத் தர்மம் என்று எப்படிச் சொல்வது?

அவன் அடுத்ததைப் போட்டான். “அப்போ கோயில்ல அம்மனுக்குச் சாத்துன சேலையை ஏலம் விடுறாங்களே? எண்பது வெள்ளி சேலையை எங்க அத்தை ஐந்நூறுக்கு எடுத்தாங்க. அதுவும் பழசுதான். அதையும் பைத்தியக்காரத்தனம்னு சொல்லுவியா?”

சொல்ல மாட்டேன். 2024 பங்குனி உத்திரத்தில் விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் உள்ள ரத்தினவேல் முருகன் கோயிலில், வேலில் குத்தி வைத்திருந்த ஒன்பது எலுமிச்சம்பழங்கள் மொத்தம் 2.36 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போயின. குழந்தை வரம் வேண்டும் தம்பதிகள் வாங்குகிறார்கள். செய்தியைப் பார்த்துச் சிரித்தவர்கள் நிறையப் பேர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தையில் எலுமிச்சம்பழம் என்ன விலை என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? விலையைத் தெரிந்துகொண்டே கூடக் கொடுப்பது காணிக்கை. லேத் வாங்கியவருக்கு அந்தத் தெளிவு இல்லை. அவர் கொடுப்பதாக நினைக்கவில்லை, சம்பாதிப்பதாக நினைத்தார்.

ஆனாலும் என் நண்பனின் அத்தையைப் பற்றி ஒன்று கேட்டேன். நானூறில் பக்கத்துவீட்டு அம்மாவும் கை தூக்கியிருந்தார்களாம். அந்தக் கடைசி நூறு வெள்ளி அம்மனுக்கா, பக்கத்துவீட்டுக்கா? அவன் சிரித்தான், பதில் சொல்லவில்லை. கோயில் மண்டபத்தில் நின்றாலும் ரோஷம் ரோஷம்தான்.

இன்னும் சிக்கலான கதை ஒன்று உண்டு. 2009 மார்ச்சில் நியூயார்க்கில் மகாத்மா காந்தியின் கண்ணாடி, செருப்பு, பாக்கெட் கடிகாரம், கிண்ணம், தட்டு ஆகியவை ஏலத்துக்கு வந்தன. இருபது முப்பதாயிரம் டாலர் வரும் என்று எதிர்பார்த்தார்கள். விஜய் மல்லையா 18 லட்சம் டாலருக்கு எடுத்தார். பொருள் தாய்நாட்டுக்கு வரவேண்டும் என்ற நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது, இந்தியாவில் பலர் அன்று கைதட்டினார்கள். 2012 அக்டோபரில் அவருடைய கிங்ஃபிஷர் விமானங்கள் நின்றபோது ஊழியர்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. ஏலத்தில் கொடுத்த காசுதான் சம்பளத்தை முழுங்கியது என்று நான் சொல்லவில்லை, இரண்டுக்கும் நடுவே மூன்றரை வருஷம் இருக்கிறது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. அத்தனை எளிமையாக வாழ்ந்தவரின் தட்டுக்கு அத்தனை காசு! காந்தியிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

நம் இதிகாசத்தில் இதற்கு நெருக்கமான இடம் மகாபாரதத்தின் சபா பருவம். சூதாட்டமும் ஏலமும் ஒன்றல்லதான், ஆனால் சபையின் சூடு ஒன்றுதான். தருமருக்குச் சூதின் கெடுதல் தெரியும். அழைத்தால் மறுக்க மாட்டேன் என்ற விரதத்தைக் காரணம் காட்டித்தான் உட்கார்ந்தார். பிறகு நாடு, தம்பிகள், தான், கடைசியில் மனைவி என்று ஏறிக்கொண்டே போனார். அப்போது திரௌபதி கேட்டு அனுப்பிய கேள்வி, ‘ஏன் தோற்றீர்கள்?’ என்பது அல்ல. முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்றாள். தன்னையே இழந்த ஒருவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை? தர்மம் நுட்பமானது என்று சொல்லி, பீஷ்மரே தெளிவான பதில் தராமல் விட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி ஏலக் கூடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. 18,000-க்கு மேல் இயந்திரத்தைப் பார்க்காமல் எதிராளியைப் பார்க்கத் தொடங்கிய அந்த நிமிடத்தில் பட்டறைக்காரர் தன்னைத் தோற்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்ட ஒவ்வொரு ஆயிரத்திலும் நாலு பேர் சம்பளம் இருந்தது, வீட்டு வாடகை இருந்தது. ‘அவன் காசு’ என்று நாம் சொல்லும் காசில் முழுக்க முழுக்க அவனுடையது எவ்வளவு? எனக்கே எடுத்துக்கொள்ளுங்கள், நான் படிப்பது கல்விக் கடனில். என் பாக்கெட்டில் இருக்கும் ஐம்பது வெள்ளிகூட ஒரு கணக்கில் எதிர்காலத்திலிருந்து வாங்கிய காசுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் கிளைக்கு ஒரு ஒலிபெருக்கி செட் வேண்டும். புதுசுக்கு வசதியில்லை, பழசை ஏலத்தில் எடுக்கலாம் என்று பேச்சு. காசு, வீடு வீடாகப் போய்த் தீபாவளிப் பலகாரம் விற்றுச் சேர்த்தது. போன கூட்டத்தில் நான் ஒரு யோசனை வைத்தேன்: உச்ச விலையைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுவோம், ஏலத்துக்குப் போகிறவர் அதை மாற்றக்கூடாது, ஃபோன் போட்டும் கேட்கக்கூடாது. எல்லோரும் சரி என்றார்கள். ஒரு தங்கை மட்டும் கையைத் தூக்கினாள்: “அண்ணா, எழுதுனதுக்கு மேல ஐம்பது வெள்ளிதான் கூடப் போகுதுன்னா? அதுக்காக நல்ல செட்டை விட்டுட்டு வரணுமா?”

அரை மணி நேரம் விவாதித்தோம். பாதிப்பேர் ஐம்பது பரவாயில்லை என்றார்கள். நான் விட்டுவிட்டுத்தான் வரவேண்டும் என்றேன். லேத்தும் 14,000-லிருந்து 23,500-க்கு ஒரே தாவாகத் தாவவில்லை, ஐந்நூறு ஐந்நூறாகத்தான் போனது. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த கூட்டத்தில் ஓட்டுக்கு விடப் போகிறோம்.