எங்கள் ஒழுங்கையும் இறையரசும்



தென்மராட்சியில் ஒரு சனசமூக நிலையம். சாவகச்சேரி நகரிலிருந்து அதிக தூரமில்லை. பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காரியத்தையே சொல்லப் போகிறேன். அதன் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு என்னையும் விருந்தினராக அழைத்திருந்தார்கள். கூட்டம் நான்கு மணிக்கு என்று அறிவித்தல். ஐந்து மணி கடந்தபோது வந்திருந்தவர்கள் பதின்மூன்று பேர். அவர்களில் ஒன்பது பேர் நிர்வாகசபையினர். மௌன இறைவணக்கம், தலைவர் உரை, ஆண்டறிக்கை, கணக்கறிக்கை எல்லாம் ஒழுங்காக நடந்தன. அதன் பின் புதிய நிர்வாகசபைத் தெரிவு. பழைய தலைவரே புதிய தலைவர். பழைய செயலாளரே புதிய செயலாளர். எல்லாம் ஏகமனதாக. பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

கடைசியாக "வேறு விடயங்கள்" என்றார்கள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு தாய் அப்போது வாய் திறந்தாள்.

"ஐயா, எங்கட ஒழுங்கையில போன மாரியிலயும் வெள்ளம் நிண்டது. கிணத்துக்குள்ளயும் போட்டுது. பிள்ளையள் பள்ளிக்கூடம் போகேலாமல் கிடந்ததுகள். உந்த வாய்க்காலைத் திறந்துவிடச் சொல்லி ஆரிட்டச் சொல்லுறது?"

செயலாளர் கோபிக்கவில்லை. மரியாதையாகவே பதில் சொன்னார்: "அதை எழுத்தில தாங்கோ அக்கா. அடுத்த கூட்டத்தில பாப்பம்."

அவள் சிறிது நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். நன்றியுரை நடந்தது. சோடாவும் பிஸ்கற்றும் வந்தன. அதற்கு முன்னரே நான் ஒற்றுமையைப் பற்றி ஓர் ஆசியுரை நிகழ்த்தியிருந்தேன். நல்ல பேச்சு என்று இரண்டு பேர் கைகொடுத்தார்கள்.

இரவு செபத்துக்கு முழந்தாளிட்டபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த மண்டபத்தில் முப்பது கதிரைகளாவது வெறுமையாகக் கிடந்தன. ஒருவரும் அவளை "வந்து இருங்கோ" என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நான் அதைக் கண்டேன். கண்டும் சோடாவைக் குடித்தேன். இன்று உங்களுக்கு எழுதுவதை முதலில் எனக்கே எழுதிக்கொள்கிறேன்.

அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். திருச்சபைக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது மறையுண்மை பற்றியோ வழிபாட்டு முறை பற்றியோ எழுந்ததல்ல. நாளாந்த உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்பதே முறைப்பாடு. இன்றைய பேச்சில் சொன்னால், நிவாரண இடாப்பில் சிலருடைய பெயர் விடுபட்டுவிட்டது!

பன்னிருவரும் என்ன செய்தார்கள்? "இது உலகக் காரியம், நாங்கள் செபிக்கப் போகிறோம்" என்று கதவைச் சாத்தவில்லை. "எழுத்தில் தாருங்கள்" என்றும் தட்டிக் கழிக்கவில்லை. சீடர் கூட்டம் முழுவதையும் அழைத்தார்கள். ஆம், ஒரு பொதுக்கூட்டம் கூட்டினார்கள். நற்பெயரும் ஞானமும் உள்ள ஏழு பேரை மக்களே தெரிவு செய்யும்படி விட்டார்கள். தெரியப்பட்ட ஏழு பேருடைய பெயர்களையும் வாசித்துப் பாருங்கள். அத்தனையும் கிரேக்கப் பெயர்கள். யாருடைய பக்கம் குறை கிடந்ததோ, அந்தப் பக்கத்தாரிடமே பந்தியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது போலத் தெரிகிறது. அந்த எழுவரில் ஒருவரே முதல் வேதசாட்சியான முடியப்பர். உணவுப் பங்கீட்டைக் கவனிக்கத் தெரிவு செய்யப்பட்டவர்தான் பின்னர் கல்லெறிபட்டு மரித்தார்.

ஆகவே கூட்டம் கூடுவதும், அறிக்கை எழுதுவதும், பங்கீட்டைச் சரிபார்ப்பதும் விசுவாசத்துக்குப் புறம்பான காரியங்கள் அல்ல. 1965 டிசெம்பர் 7ஆந் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு இதைத் தெளிவாகக் கூறியது. நிலையான வீடு மறுமையில் இருக்கிறது என்று சொல்லி இவ்வுலகக் கடமைகளைத் தட்டிக் கழிப்பவர்கள் தவறு செய்கிறார்கள் என்பதே அதன் போதனை. அதற்கும் முன்னர், 1931இல், பதினோராம் பத்திநாதர் ஒரு நியதியை எடுத்துரைத்தார். சிறிய சமூகம் தானே செய்யக்கூடிய காரியத்தைப் பெரிய சமூகம் பறித்துக்கொள்வது அநீதி என்பது அது. அதற்கு மறுபக்கமும் உண்டு. நாம் செய்யவேண்டியதை நாம் செய்யாமல் விட்டுவிட்டு, மேலேயுள்ளவர்களைத் திட்டிக்கொண்டிருப்பதும் நீதியல்ல.

"சுவாமி, நாங்கள் இங்கே சில குடும்பங்கள்தானே. எங்களுக்குக் கோயில் கூட்டம் போதும். ஊர்க் கூட்டத்தை அவையள் பார்க்கட்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். தென்மராட்சியில் நாம் சிறு தொகையினர் என்பது உண்மை. ஆனால் வெள்ளம் கத்தோலிக்க வளவு, சைவ வளவு என்று பார்த்து வருவதில்லை. நமது குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையைக் குளங்கள் தாங்கி நிலத்துக்குள் இறக்க, சுண்ணக்கல்லுக்குள் தங்கும் அந்த நீரையே வருடம் முழுவதும் கிணற்றில் அள்ளுகிறோம். குளத்தைத் தூர்த்து, வாய்க்காலை அடைத்தால் மாரியில் வெள்ளம், கோடையில் உவர். உங்கள் வளவில் மண் போட்டு உயர்த்தி, மதிலை வாய்க்கால்வரை தள்ளிக் கட்டினால், தண்ணீர் அடுத்தவன் அடுப்படிக்குள் போகிறது. ஊர்க் கூட்டத்தைத் தவிர வேறெங்கே இதைப் பேசித் தீர்ப்பது? நீதிமன்றத்திலா? அங்கே போனால் வழக்குத் தீருமுன் பேரப்பிள்ளை பிறந்துவிடும்.

இனி நம் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2024 யூலையில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் குறைபாடுகளை முன்வைத்து மக்கள் திரண்டு வைத்தியசாலை வாசலுக்கு வந்தார்கள். அன்றைய வாக்குவாதங்களில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இந்தப் பத்தியின் வேலையல்ல. ஆனால் ஒன்றைக் கண்டோம். தங்கள் ஊர் வைத்தியசாலையில் மக்களுக்கு எவ்வளவு அக்கறை இருக்கிறது என்பதைக் கண்டோம். அந்த அக்கறை நல்லது. அதைக் கேலி செய்பவன் தன் பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்ட அனுபவம் இல்லாதவன்.

என் கேள்வி வேறு. ஒரு நாள் வெயிலில் நின்று சத்தமிட ஆயத்தமாக இருக்கும் நாம், மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் வாங்கில் இருந்து கணக்கறிக்கை கேட்க ஏன் ஆயத்தமாக இல்லை? கோபம் ஒரு நாளில் வந்து ஒரு நாளில் ஆறிவிடும். வாய்க்காலோ வருடாவருடம் தூர்ந்துகொண்டே இருக்கும். கோபிப்பதற்கு ஒரு தூண்டுதல் போதும். கூட்டத்துக்குப் போவதற்கு அன்பு வேண்டும். ஏனென்றால் கூட்டம் சலிப்பானது. அங்கே கைதட்டல் இல்லை. பேசுகிறவர் விடயத்துக்கு வெளியே பேசுவார். அதைப் பொறுத்துக்கொண்டு இருப்பதும் ஒரு தவமே. தபசு காலத்தில் மீனும் இறைச்சியும் விடுகிறோம். ஒரு மாலைப்பொழுதை விட்டுக்கொடுக்க மனம் வருகிறதில்லை.

சாவகச்சேரி மண்ணுக்கு இந்தப் பாடம் புதியதல்ல. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வந்தபோது, தென்மராட்சியின் வீடுகளும் பாடசாலைகளும் கோயில்களும் அவர்களால் நிறைந்தன. எல்லா இடத்திலும் எல்லாம் அன்பாகவே நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஒரே கிணற்றில் பத்துக் குடும்பம் அள்ளிய வீடுகள் எத்தனை! ஐந்து வருடம் கழித்து, 2000ஆம் ஆண்டின் போரில், தென்மராட்சி மக்களே பெட்டி படுக்கையுடன் வெளியேறினார்கள். திரும்பி வந்தபோது நகரம் இடிபாடாகக் கிடந்தது. கூரையற்ற வீடுகள், தலையற்ற தென்னைகள். அந்த இடிபாட்டிலிருந்து எழுந்த ஊர் இது.

நெகேமியா ஆகமத்தின் மூன்றாம் அதிகாரத்தைப் பலர் வாசிக்காமல் தாண்டிவிடுவார்கள். வெறும் பெயர்ப்பட்டியல் என்று நினைப்பார்கள். இடிந்த எருசலேமின் மதிலை யார் யார் எந்தெந்தப் பகுதியில் கட்டினார்கள் என்ற பதிவு அது. ஒரு சங்கத்தின் கூட்டறிக்கை போலவே இருக்கும். குருக்கள் ஒரு வாசலைக் கட்டினார்கள். பொற்கொல்லர் ஒரு பகுதி, நறுமணத்தைலம் செய்பவர் ஒரு பகுதி. ஒரு தலைவர் தம் புதல்விகளையும் கூட்டிக்கொண்டு வந்து கட்டினார். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டினார்கள். தெக்கோவா ஊர் மக்களும் வந்தார்கள். ஆனால் அவ்வூர்ப் பெரியவர்கள் மட்டும் தோள்கொடுக்க மறுத்தார்கள் என்று அந்த அறிக்கை ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. பெரியவர்கள் வராவிட்டாலும் அவ்வூரின் எளிய மக்கள் சோர்ந்துவிடவில்லை. தங்கள் பங்கை முடித்து, இரண்டாவது பகுதியையும் எடுத்துக் கட்டினார்கள். மதில் 52 நாளில் முடிந்தது.

இத்தனை நூற்றாண்டுகளாகத் திருச்சபை அந்தக் கூட்டறிக்கையை இறைவார்த்தையாகப் போற்றிக் காத்து வருகிறது. நம் சங்கத்தின் அறிக்கைப் புத்தகத்தில் நம் பெயர் எந்த வரியில் இருக்கும்? கட்டியவர் வரியிலா, தோள்கொடுக்க மறுத்தவர் வரியிலா?

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் கோழையாவேன். ஊர்க் கூட்டங்களுக்கு ஆட்கள் வராததற்குச் சலிப்பு மட்டும் காரணமல்ல. "அவை எந்தக் குறிச்சி?" என்ற கேள்வி நம் மண்டபங்களின் வாசலில் இன்னமும் நிற்கிறது. வாயால் கேட்பதில்லை, கதிரை போடும் முறையில் கேட்கிறோம். எந்த ஒழுங்கைக்கு முதலில் மின்விளக்கு, எந்த ஒழுங்கைக்குக் கடைசியில் தார் என்பதில் கேட்கிறோம். சாதி ஒழிந்துவிட்டது என்று மேடையில் பேசிவிட்டு, நிர்வாகசபையில் ஒரு பக்கத்தாரையே வைத்திருக்கிறோம். இதில் கத்தோலிக்கராகிய நாம் கைகழுவ முடியாது. ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறவர்கள் திருப்பலி முடிந்து வெளியே வந்ததும் தனித்தனி மரநிழலைத் தேடினால், அந்தத் திருவிருந்து நம்மில் என்ன செய்தது? கிரேக்கக் கைம்பெண்கள் இன்று நம் ஒழுங்கைகளில் இருக்கிறார்கள்.

ஆகவே சில நடைமுறைக் காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு ஒருவராவது சனசமூக நிலையத்திலோ கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ அங்கத்தவராகுங்கள். சந்தாவைக் கட்டுவதோடு நிற்காமல் கூட்டத்துக்குப் போங்கள்.

யாரிடம் எதைக் கேட்பது என்று அறிந்துகொள்ளுங்கள். ஊர் ஒழுங்கைகளும் அவற்றின் வடிகால்களும் பொதுவாக நகரசபை அல்லது பிரதேச சபையின் பொறுப்பு. கண்டி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. டெங்கு நுளம்பு பெருகும் இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவிக்கவேண்டும். ஆளை மாறிக் கேட்டால் ஆறு மாதம் வீணாகும். பதில் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பித்தால், தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்கவேண்டும். சட்டத்தைப் பயன்படுத்துவது பகைமையல்ல.

எழுதத் தெரிந்தவர்கள் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். ஆசிரியர்களே, க.பொ.த. உயர்தரம் படிக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கு. அயலவரின் முறைப்பாட்டை ஒரு கடதாசியில் தெளிவாக எழுதிக் கொடுப்பது இரக்கச் செயல்களில் ஒன்று.

எல்லாவற்றுக்கும் முதலாவதாக, உங்கள் மதிலைப் பாருங்கள். அடுத்தவர் வளவுக்குத் தண்ணீரைத் தள்ளும் மதில் உங்களுடையதாக இருந்தால், பாவசங்கீர்த்தனத்துக்கு வருமுன் மண்வெட்டியை எடுங்கள்.

அந்தத் தாயின் கதைக்குத் திரும்புகிறேன். அடுத்த மாதம் அழைப்பில்லாமலே அந்த நிலையத்துக்குப் போனேன். பின் வாங்கில் இருந்தேன். "சுவாமி முன்னுக்கு வாங்கோ" என்றார்கள், வேண்டாம் என்றேன். அந்தத் தாய் வந்தாள், அயல் வீட்டார் இருவரையும் கூட்டிக்கொண்டு. மகள் அப்பியாசக் கொப்பி ஒற்றையில் எழுதிக் கொடுத்த கடிதம் அவள் கையில் இருந்தது. இந்த முறை செயலாளரே எழுந்து கதிரையை இழுத்துப் போட்டார். கடிதம் வாசிக்கப்பட்டது, அறிக்கைப் புத்தகத்தில் பதியப்பட்டது. வாய்க்காலை அடைத்திருப்பவரோடு மூன்று பேர் போய்ப் பேசுவது என்றும், உள்ளூராட்சி சபைக்கு மனுக் கொடுப்பது என்றும் தீர்மானமாயிற்று.

வாய்க்கால் இன்னும் திறக்கப்படவில்லை. மாரிக்கு முன் நடக்குமோ தெரியாது. நான் மறுபடியும் போவேன்.

உங்கள் ஊர்க் கூட்டம் எந்தத் திகதி என்று இன்றே விசாரியுங்கள். போகும்போது வாசலில் யாரும் நிற்கிறார்களா என்று பாருங்கள். ஆண்டவர் உங்கள் இல்லங்களையும் உங்கள் ஒழுங்கையையும் ஆசீர்வதிப்பாராக.