பிடித்தம்

2024, ஆவணி மாதத்தின் முதல் ஞாயிறு. ஆடி முடியட்டும் என்று காத்திருந்த சாமான்கள் எல்லாம் நசரத்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. மகளுக்கு வேலூரில் வேலை. கட்டில், பீரோ, கிரைண்டர், கூடவே அவள் அம்மா பிடிவாதமாக ஏற்றிவிட்ட இரண்டு பித்தளை அண்டாக்கள். ஏற்றிக்கொள்ள வந்தது ஒரு குட்டி யானை. பயப்படாதீர்கள், டாடா ஏஸ் வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் அது. டோல் உட்பட வாடகை பேசி முடித்தாயிற்று. பெண்கள் இருவரும் காலையிலேயே பஸ்ஸில் கிளம்பிவிட, நான் டிரைவர் தம்பிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.

தம்பிக்கு முப்பது வயது இருக்கலாம். வெளிவட்டச் சாலை குறுக்கிடும் இடத்தைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் வண்டி வேகம் எடுத்ததும் பேச ஆரம்பித்தவர், வழியில் ஒரு சுங்கச்சாவடி வரும்வரை நிறுத்தவில்லை. அங்கே நிறுத்தவேண்டி வந்தது. கம்பு உயரவில்லை.

கையில் மெஷினோடு ஒரு பையன் ஓடிவந்தான். “அண்ணே, டேக் பிளாக்லிஸ்ட்னு காட்டுது. டபுள் கட்டணும்.”

“அதெப்படி? அறுநூத்தி நாப்பது ரூவா கெடக்குதேப்பா.”

“பேலன்ஸ் பிரச்சினை இல்லண்ணே. கேஒய்சி.”

விஷயம் இதுதான். வண்டி தம்பியின் மச்சான் பெயரில் இருக்கிறது. ஆர்சி புத்தகம், வண்டியின் போட்டோ எல்லாம் அனுப்பு என்று பாங்க் அனுப்பிய மெசேஜ்கள் மச்சானின் பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தன. மச்சான் அந்த நம்பரை எப்போதோ கைவிட்டுவிட்டார்.

தம்பி சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். “சரி, காசா வாங்கிக்க. டேக்கே இல்லாத வண்டின்னு நெனச்சுக்க.”

“டேக் இல்லாத வண்டிக்குத்தாண்ணே டபுளு.”

பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. தம்பி நோட்டைக் கையில் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்னா சார் இது? டேகுல காசு இருக்குது. கையிலயும் காசு இருக்குது. ரெண்டும் செல்லாதாம்.” இரட்டிப்பாகக் கட்டினோம். கம்பு உயர்ந்தது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த விதியை அவன் சொன்னான். விதி எப்படி வந்தது என்பதுதான் சுவாரஸ்யம். 2016 டிசம்பர் ஞாபகமிருக்கிறதா? ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ரொக்கத்தை விட்டு ஜனங்களை நகர்த்த, அன்றைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி சில சலுகைகளை அறிவித்தார். அரசு எண்ணெய் நிறுவனங்களின் பங்க்கில் கார்டு தேய்த்தால் முக்கால் சதவிகிதத் தள்ளுபடி. தேசிய நெடுஞ்சாலைச் சுங்கத்தை டேக் மூலம் கட்டினால் பத்து சதவிகிதம். அந்தப் பத்து வருடாவருடம் இளைத்து, 2019-20ல் இரண்டரையாகிவிட்டது. 2019 டிசம்பரில் அடுத்த கட்டம்: டேக் தடத்தில் டேக் இல்லாமல் நுழைந்தால் இரட்டைக் கட்டணம், ரொக்கக்காரர்களுக்கு ஓரமாகக் கொஞ்சம் இடம். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவோடு அந்த ஓரமும் போயிற்று. எல்லாத் தடமும் டேக் தடம்; டேக் இல்லையா, இரண்டு மடங்கு கட்டு.

முதலில் மிட்டாய், பிறகு தனி பெஞ்சு, கடைசியில் பிரம்பு. நாம் எல்லோரும் படித்த பள்ளிக்கூடத்தின் முறைதான்.

எங்கள் சாலைக்கு இன்னொரு கதையும் உண்டு. 2020 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், மதுரவாயலிலிருந்து வாலாஜாபேட்டை வரை சாலை இருக்கும் லட்சணத்துக்குப் பாதிக் கட்டணம் போதும் என்று உத்தரவிட்டது. நசரத்பேட்டை அந்தத் துண்டில்தான் இருக்கிறது. சாலை சரியில்லை என்பதற்காகப் பாதி வாங்கு என்று கோர்ட் சொல்லி இரண்டு மாதம் கழித்து, கட்டும் முறை சரியில்லை என்பதற்காக இரட்டிப்பு கொடு என்ற விதி அமலுக்கு வந்தது. அவர்கள் தப்புக்குத் தள்ளுபடி வாங்க நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது. நம் தப்புக்கு மெஷினே போதும்.

இதை இப்படியே விட்டால் ஒருதலைப்பட்சமாகிவிடும். நானும் கார் ஓட்டுகிறவன். தீபாவளிக்கு முந்தின நாள், பொங்கல் முடிந்து திரும்பும் ஞாயிறு ராத்திரி, சில்லறைக்காக ஒருவர் கதவைத் திறந்து இறங்கி, பேன்ட் பாக்கெட்டைத் துழாவும்போது பின்னால் நின்று ஹாரன் அடித்த பாவம் எனக்கும் உண்டு. ரொக்கம் கொடுக்கிறவர் தன் நேரத்தை மட்டும் செலவழிப்பதில்லை. பின்னால் நிற்கும் ஐம்பது பேரின் நேரத்தையும் சேர்த்துச் செலவழிக்கிறார். ஆம்புலன்ஸும் அதில் நிற்கலாம். அதற்கு ஒரு விலை வைத்தால் என்ன தப்பு என்று கேட்டால், எனக்குச் சட்டென்று பதில் வராது.

ஆனால் ஒரு சின்னக் கணக்கு இடிக்கிறது. செலவானது எங்கள் நேரம். அதற்கான கூடுதல் பணம் எங்களுக்கா வந்தது? சுங்கத்தோடு போயிற்று. தவிர, நேரத்துக்கு விலை என்றால் எல்லோருக்கும் ஒரே விலை இருக்கவேண்டும். குட்டி யானைக்காரர் பாக்கெட்டைத் துழாவும் அரை நிமிஷமும் பத்துச் சக்கர லாரிக்காரர் துழாவும் அரை நிமிஷமும் ஒன்றுதானே? இரட்டிப்பு என்றால் பெரிய வண்டிக்குப் பெரிய அபராதம், சின்ன வண்டிக்குச் சின்ன அபராதம். ரொக்கம் எண்ணுகிற செலவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘பழகிக்கொள்’ என்பதற்கான தொகை அது. 2025 நவம்பர் 15 முதல் விதியைக் கொஞ்சம் தளர்த்தி, டேக் இல்லாதவர் யுபிஐ-யில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமென்றால் பழையபடி இரண்டு மடங்கு என்றார்கள். நூறு ரூபாய்க்கு 125, அல்லது 200.

இதை அபராதம் என்று நான்தான் சொல்கிறேன். 2025 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம், ஃபாஸ்டேக் கட்டாயத்தை எதிர்த்த பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்தபோது இரட்டைக் கட்டணத்தை அபராதமாகக் கருத முடியாது என்றது. சட்டப்படி இருக்கலாம். கம்பு உயராமல் நிற்கும்போது வேறு மாதிரித் தோன்றுகிறது.

சுங்கச்சாவடியிலாவது பின்னால் ஒரு வரிசை இருக்கிறது. மாதத் தவணைக்குப் பின்னால் எந்த வரிசை நிற்கிறது?

தம்பி வழியில் சொன்ன இன்னொரு கதை இது. பைக் லோனுக்கு மாதம் ஐந்தாம் தேதி டியூ. பாங்க் கணக்கிலிருந்து தானாகப் போய்விடும். அந்த மாதம் நாலாம் தேதி மாமியாருக்கு உடம்பு முடியாமல் போக, கணக்கில் இருந்ததை எடுத்துவிட்டார். ஐந்தாம் தேதி அவர்கள் வந்து தட்டிப் பார்த்தபோது பெட்டி காலி. பவுன்ஸ் ஆனதற்கு பாங்க் ஒரு தொகை பிடித்தது. அதே பவுன்ஸுக்கு ஃபைனான்ஸ்காரர்களும் ஒரு தொகை போட்டார்கள். இனி இந்த வம்பே வேண்டாம், பத்தாம் தேதி வாடகைப் பணம் வரும்போது நேரில் வந்து கட்டுகிறேன் என்றால், ரொக்கமாக வாங்குவதற்குத் தனிச் சார்ஜாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

தமிழில் ‘பிடித்தம்’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. விருப்பம் என்றும் அர்த்தம், சம்பளத்தில் கழிப்பது என்றும் அர்த்தம். இரண்டும் ஒரே சொல்லில் எப்படிக் குடியிருக்கின்றன என்று எனக்கு ரொம்ப நாளாக ஆச்சரியம். ஒன்றாம் தேதி சம்பளம் வருகிற என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய முரணில்லை. கரண்ட் பில், இன்சூரன்ஸ், வீட்டுக்கடன் எல்லாம் தானாகப் போகின்றன. நன்றாகத்தான் இருக்கிறது. மறதிக்காரனுக்கு வரப்பிரசாதம். ‘இனி என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள்’ என்று நான் கையெழுத்துப் போடுவது, கணக்கில் எப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்ற தைரியத்தில்.

தம்பிக்கு அந்தத் தைரியம் இல்லை. ஒருநாள் மூவாயிரம் வரும், நாலு நாள் ஒன்றும் வராது. அந்த நிலையில் ஒருவருக்கு இருக்கிற ஒரே நிர்வாகத் திறமை, யாருக்கு முதலில், யாருக்கு நாளைக்கு, யாரிடம் ‘ரெண்டு நாள் பொறுங்கண்ணே’ என்று தீர்மானிப்பதுதான். மருந்தா, டியூவா, டீசலா? இதை நிதானமில்லாதவன் செய்யும் தாமதம் என்று நினைப்பது தப்பு. என் அப்பாவும் இப்படித்தான். கரண்ட் ஆபீஸ் க்யூவில் நின்று, பணத்தை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்து, ரசீதைக் கொண்டுவந்து கம்பியில் குத்தி வைப்பார். எந்தத் தேதியில் கட்டுவது என்பது அவர் கையில் இருந்தது. கடைசி நாள்வரை அந்தப் பணம் அவருடையது. தானாக எடுக்கும் ஏற்பாடு கேட்பது அந்தக் கடைசி நாளைத்தான். கொடுக்க மறுத்தால் அதற்குக் கட்டணம்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. பிரிட்டனில் பிடி என்கிற பெரிய தொலைபேசி கம்பெனி, டைரக்ட் டெபிட்டில் கட்டாதவர்களிடம் 2007-ல் காலாண்டுக்கு நாலரைப் பவுண்டு கூடுதலாக வாங்க ஆரம்பித்தது. அங்கே முன்பணம் கட்டி மின்சாரம் எடுக்கிற மீட்டர்க்காரர்கள், பெரும்பாலும் கைக்கும் வாய்க்குமாக இருக்கிறவர்கள், பல வருடம் மற்றவர்களைவிட அதிகமாகத்தான் கட்டினார்கள். 2023 ஜூலையில்தான் அரசாங்கம் தலையிட்டு அந்த வித்தியாசத்தை எடுத்தது. அமெரிக்காவில் டேவிட் காப்லோவிட்ஸ் என்ற சமூகவியலாளர், நியூயார்க்கின் ஏழைகள் தவணைக் கடைகளில் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1963-லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். ஏழைகள் அதிகம் கொடுக்கிறார்கள் என்பதே அதன் தலைப்பு.

நம் ரிசர்வ் வங்கி இந்த விஷயத்தில் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று சொல்லமாட்டேன். கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பவர்கள் 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குச் சொல்லவேண்டும் என்ற விதி 2021 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அபராதம் கடன்காரருக்கு ஒழுங்கு வருவதற்காக, கம்பெனி வருமானம் பெருக்குவதற்காக இல்லை என்று 2023 ஆகஸ்டில் கடன் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கையும் அனுப்பியது. ஆனால் ஃபாஸ்டேகில் இருப்பு குறைந்தால் தானாக நிரப்பிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 2024-ல் அந்த 24 மணி நேர அறிவிப்பிலிருந்து விலக்கு. நியாயம்தான், எந்த நேரத்தில் எந்தச் சாவடி வரும் என்று யாருக்குத் தெரியும்? விதிவிலக்குகள் எப்போதும் நியாயமாகத்தான் ஆரம்பிக்கின்றன.

என் கேள்வி ஒன்றே ஒன்று. ரொக்கம் வாங்கினால் எண்ண ஆள் வேண்டும், பாங்கில் கொண்டுபோய்க் கட்டவேண்டும், திருட்டு பயம் உண்டு. அதற்கு ஐந்து ரூபாய் ஆகிறதா? ஐந்து ரூபாய் என்று போர்டு எழுதி வாங்குங்கள். தம்பியும் கொடுப்பார், நானும் கொடுப்பேன். ஐந்துக்கு மேல் வாங்குகிற ஒவ்வொரு ரூபாயும் எதற்கு? ‘என்னைக் கேட்டுவிட்டு எடு’ என்று சொன்னதற்கா? அந்த வாக்கியத்தைச் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கு அதிகமோ அவரிடம்தான் அது வசூலாகிறது.

வேலூரில் சாமான்களை இறக்கி முடித்தோம். பித்தளை அண்டா ஒன்று நசுங்கியிருந்தது. அந்தப் பஞ்சாயத்து தனி. வாடகையோடு, சுங்கச்சாவடியில் கூடுதலாகப் போன தொகையையும் சேர்த்து நீட்டினேன்.

தம்பி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “வேணாம் சார். டோல் என் கணக்குன்னுதான பேசினோம். போட்டோ அனுப்பாதது எங்க தப்பு.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். வாங்கவில்லை. அவருக்கு அதில் வருத்தம்கூட இல்லை, வெட்கம்தான் இருந்தது. ஏதோ கடையில் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி. அந்த முகம்தான் என்னை இதை எழுத வைத்தது.

ராத்திரி பதினோரு மணி வாக்கில் போன் வந்தது. “வீட்டுக்கு வந்துட்டேன் சார்.”

“ஏம்ப்பா இவ்வளவு நேரம்?”

“காலி வண்டிக்கு எதுக்கு சார் திரும்ப டபுளு? உள்ரோட்டுல அரக்கோணம், திருவள்ளூர்னு சுத்தி வந்துட்டேன்.”

“டீசல் ஜாஸ்தி ஆயிருக்குமே?”

“ஆச்சு சார்,” என்றார். “ஆனா பங்க்ல காச எண்ணிக் குடுத்துட்டு வந்தேன்.”