விலை நீதி ஆகுமா?

2022 பெப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. இரண்டு கிழமைக்குள் உலகச் சந்தையில் மசகு எண்ணெய் பீப்பாய்க்கு 130 டொலரைத் தாண்டியது. டொலர் கையிருப்பு வற்றியிருந்த இலங்கை, ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்தியது. ஓகஸ்ட் பிற்பகுதியில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் சிறு படகில் தொழிலுக்குப் போகிறவர்களின் வெளியிணைப்பு இயந்திரம் ஓடுவது மண்ணெண்ணெயில்தான். இருபது லீற்றர் எரித்துத் திரும்பும் படகுக்கு 1,740 ரூபாவாக இருந்த செலவு, விடிந்தபோது 6,800 ரூபாவாகியிருந்தது. பொருளியலார் இதை விலைத் திருத்தம் என்பார்கள். அறம் கேட்பது வேறு கேள்வி: அரிதாகிப்போன ஒரு பொருள் முதலில் யாரைச் சேர வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி விலைக்கு உண்டா?

இல்லை என்பதே என் முடிவு. பொருள் குறைந்துவிட்டது, சிக்கனமாக இருங்கள் என்ற செய்தியை விலை சரியாகவே சொல்கிறது. யார் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்பதை மட்டும் அது பணப்பையைப் பார்த்தே முடிவுசெய்கிறது. கொழும்பில் பொழுதுபோக்குக்குக் கார் ஓட்டுபவரின் லீற்றரும், நெடுந்தீவிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரும் படகின் லீற்றரும் அதற்கு ஒன்றே. யாழ் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்காதவர் சைக்கிள் மிதிக்கலாம், நடக்கலாம். நெடுந்தீவாருக்கும் நயினாதீவாருக்கும் கடல்தான் பாதை. எரிபொருள் இல்லாவிட்டால் பாதையே இல்லை. உயிர் வாழத் தேவையானதை, வாங்கும் வலிமையைக் கொண்டு பங்கிடுவது அநீதி.

உலகச் சந்தையை நாம் என்ன செய்ய முடியும், எல்லாம் ஊழ் என்பார் உண்டு. ஆனால் 1990களில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனதற்குக் காரணம் அரசு விதித்த பொருளாதாரத் தடை. 2022இன் நெருக்கடிக்குப் பின்னால் தொலைதூரப் போர் ஒன்று மட்டும் இல்லை. 2019 இறுதியில் கொழும்பு எடுத்த வரிக்குறைப்பு முடிவும் இருந்தது. மனிதர் எடுத்த முடிவுகளுக்கு மனிதரே பொறுப்பு. இன்று நாம் படிக்கும் வரிசையில், ஊழைப் பற்றிய அதிகாரத்தோடு அறத்துப்பாலை முடிக்கும் வள்ளுவர், அடுத்ததாக ஆள்பவனின் கடமையைப் பேசும் இறைமாட்சியைத் தொடங்குகிறார். ஊழை ஏற்றுக்கொள்வது ஆட்சியின் பொறுப்பைத் தள்ளுபடி செய்வதாகாது.

மலிவு விலை எண்ணெய் தவறான கைகளுக்குப் போகிறது என்பது வலுவான மறுப்பு. மானிய மண்ணெண்ணெயை ஆலைகளும் வணிகர்களும் பயன்படுத்தினார்கள் என்று சொல்லித்தான் அரசு விலையை உயர்த்தியது. களவு நடந்தது மெய்யாகவே இருக்கட்டும். அதைத் தடுக்க வழி, களவெடுத்தவனுக்கும் கடற்றொழிலாளிக்கும் ஒரே விலை வைப்பதா? அதே ஆண்டு ஜூலையில் வாகனங்களுக்குக் கியூஆர் குறியீட்டின் மூலம் வாராந்தப் பங்கு அளந்து கொடுக்கப்பட்டது. பணம் மிகுந்தவருக்கும் அளவு ஒன்றே என்று ஆனதும் நிரப்பு நிலைய வரிசைகள் குறைந்தன. தேவையறிந்து பங்கிட அரசால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

விலை ஏறினால்தான் மக்கள் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறுவார்கள் என்பது இன்னொரு வாதம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மக்கள் மாற மறுக்கவில்லை. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்த இந்த மூன்று தீவுகளிலும் காற்று, சூரிய மின்சாரத் திட்டத்தை 2021 ஜனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க அமைச்சரவை இசைந்தது. இந்தியா பாதுகாப்பைக் காட்டி எதிர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனத் தரப்பு திட்டத்தை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்பாடு. பெங்களூரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சில். எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த காலம் முழுவதும் வல்லரசுகளின் இழுபறியில் தீவுகள் காத்துக்கிடந்தன. மாற்றத்துக்கான முதலீடும் முடிவும் பிறர் கையில் இருக்கையில், விலையேற்றம் எளியவரைத் தண்டிக்குமே தவிர வழிநடத்தாது.

அப்படியானால் தருமம் போதாதா? நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். பந்தியில் அமர்பவரிடம் எவரும் வருமானம் கேட்பதில்லை. காப்பிய நாயகி மணிமேகலை அமுதசுரபி என்னும் பாத்திரத்தைப் பெற்ற மணிபல்லவம் இந்தத் தீவே என்பது மரபு. ஆனால் அவள் கதை சோறிடுவதோடு நின்றுவிடவில்லை. புகாரின் சிறையில் பசித்துக் கிடந்தவர்களுக்கு உணவளித்த பின், அந்தச் சிறையையே அறக்கோட்டமாக்கும்படி சோழ மன்னனிடம் கேட்டுப் பெற்றாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையிலிருந்தும், அரசு மாற வேண்டும் என்று அவள் கண்டாள். பௌத்தக் காப்பியம் காட்டும் இந்த அறம், சைவக் கோயிலும் நாகதீப விகாரையும் ஒரே கரையில் நிற்கும் தீவுக்கு இரட்டிப்பாக உரியது.

எண்ணெய் விலை இன்னும் பலமுறை ஏறும். தீவுகளால் அதை நிறுத்த இயலாது. ஏறும் நாளில் பயணிகள் படகுக்கும் சிறு கடற்றொழிலாளிக்கும் எட்டும் விலையில் முதற்பங்கு உண்டு என்று இப்போதே சட்டத்தில் எழுதிவையுங்கள். இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் உரிமையாக ஏற்ற நாட்டுக்கு, தன் குடிமக்கள் கடலைக் கடக்கும் வழியையும் உரிமையாக ஏற்கும் கடமை உண்டு.