கற்பித்தலும் ஒப்புரவும்: மலையகக் குடும்பங்களை முன்வைத்து ஒரு சிந்தனை

ஒரு பிள்ளைக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பு யாருடையது என்ற வினாவுக்கு இரு விடைகள் வழக்கமாகக் கூறப்படுவதுண்டு. பெற்றோருடையது என்பது ஒன்று. அரசினுடையது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதொரு விடையும் உண்டு. அயல்வீட்டாரும் அப்பொறுப்பில் பங்குடையர் என்பதே அது. சட்ட நூல்களில் இடம்பெறாத இந்த மூன்றாம் விடையின் அறப் பெறுமதி யாது என்பதே இங்கு நாம் ஆராய முற்படுவது.

மேலைநாடுகளில் இவ்வினா வேறொரு வடிவில் எழுந்தது. 1971இல் இவான் இல்லிச் பள்ளி என்னும் நிறுவனத்தையே கேள்விக்குள்ளாக்கினார். 1977இல் அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட், பிள்ளைகளை வீட்டிலேயே பயிற்றுவிக்கும் பெற்றோருக்கென ஒரு செய்தி மடலைத் தொடங்கினார். அம்மடல் கற்பிக்கும் முறைகளை விளக்கியதோடு, அத்தகைய குடும்பங்களின் முகவரிகளையும் வெளியிட்டது. இது கருதத்தக்கது. பள்ளியை விட்டு விலகிய பெற்றோர் முதலிற் தேடியவற்றுள் துணையும் ஒன்று. பள்ளியில்லாமல் வாழத் துணிந்தவர்களாலும் தனித்து வாழ இயலவில்லை.

ஆயினும் அவர்கள் தாமே விரும்பி விலகியவர்கள். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்கோ அத்தகைய தெரிவு எக்காலத்தும் இருந்ததில்லை. 1907ஆம் ஆண்டின் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. கொழுந்து பறிக்கக் கைகள் வேண்டியிருந்தவரிடமே, அக்கைகளிற் புத்தகத்தைக் கொடுக்கும் பொறுப்பும் விடப்பட்டது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப் பயனைப் பெறவில்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன.

அந்த நீண்ட இடைவெளியில் எழுத்தறிவு முற்றாக அற்றுப்போகவில்லை. எழுத்தறிந்த ஒருவர் லயத்தின் ஒரு மூலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கற்பித்தார். பகல் முழுதும் மலையில் உழைத்த இளைஞர் இரவுப் பள்ளிகளிற் கூடினர். காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் மூத்தோரிடமிருந்து இளையோர் கேட்டும் ஆடியும் பயின்றனர். வீடும் பள்ளியும் வேறுபடாத ஒரு கல்வி முறை அங்கு இருந்தது. அது கொள்கையாற் பிறந்ததன்று, இல்லாமையாற் பிறந்தது.

2020 மார்ச்சில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்நிலை புதிய உருவில் மீண்டது. பாடங்கள் கையடக்கத் தொலைபேசி வழியே வந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடியான காம்பராவில், மூன்று பிள்ளைகளுக்கு ஒரு தொலைபேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும். அலைத்தொடர்பு கிடைக்கும் மேட்டைத் தேடிப் பிள்ளைகள் ஏறினர். ஒரு வீட்டுத் தொலைபேசியில் வந்த பாடத்தை அடுத்த வீட்டுப் பிள்ளை கொப்பியில் எழுதிக்கொள்வதும், உயர்தரம் பயிலும் அக்காள் ஒருத்தி லயத்து இஸ்தோப்பில் ஐந்தாறு சிறுவர்க்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் இத்தகைய சூழலில் உருவாகும் துணைகள். அவற்றுக்குப் பெயரில்லை, தலைவர், செயலாளர் எவருமில்லை.

இத்துணையை எவ்வாறு பெயரிடுவது? ஈகை என்பது பொருந்தாது. ஈபவன் உடையவனாகவும் ஏற்பவன் இல்லாதவனாகவும் நிற்பதே ஈகையின் இயல்பு. இங்கு இருவரும் இல்லாதவரே. வள்ளுவர் ஈகைக்கு முன்னதாக ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரத்தைத் தனியே வகுத்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. ஒப்புரவு ஒரே ஊரில் வாழ்வோர் தமக்குள் இயல்பாக ஆற்றும் கடன். இன்று என் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு நான் அதனைத் திருப்பிச் செய்ய இயலாது. என் பிள்ளை நாளை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குச் செய்யும். கடன் பெற்ற இடத்திற் செலுத்தப்படாமல் முன்னோக்கிச் செல்கிறது. அவ்வாறு செல்லும் வரையிலேயே ஒரு லயம் சமூகமாகிறது. இல்லையேல் அது ஒரு கூரையின் கீழ் அமைந்த அறைகளின் வரிசை மட்டுமே.

இதற்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். ஏழைகளின் தன்னுதவியைப் புகழ்வது அரசின் கடமையை மறைக்கும் என்பது முதலாவது. இது வலிமையான தடை. மக்கள் தாமே சமாளிக்கின்றனர் என்ற சொல், ஆசிரியர் இல்லாத வகுப்பறையைப் பல ஆண்டுகள் ஆசிரியர் இல்லாமலே வைத்திருக்கப் போதுமானது. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புமாறு பெற்றோரைக் கட்டாயப்படுத்தும் விதிகள் 1998இல் நடைமுறைக்கு வந்தன. 2016இல் அவற்றின் வயதெல்லை 16 ஆக உயர்ந்தது. பெற்றோரைக் கட்டுப்படுத்தும் அரசு தன்னையும் அதே அளவிற் கட்டுப்படுத்திக்கொள்ளல் வேண்டும். ஆதலின் அயலார் துணை உரிமைக்கு ஈடாகாது. ஆனால் உரிமை வந்து சேரும்வரை பிள்ளையின் வயது காத்திராது. துணை செய்வதும் உரிமை கோருவதும் ஒன்றுக்கொன்று மாறானவையல்ல. கூடிக் கற்றோரே கூடிக் கேட்கவும் வல்லவராவர்.

இரண்டாவது தடை இதனினும் நுண்ணியது. இத்துணைக்கான விலையைக் கொடுப்பவர் யார்? தாய் கொழுந்துக் கூடையோடு மலையேறியபின், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு அவர்களுக்குப் பாடமும் சொல்லிக்கொடுக்கும் மூத்த பெண்பிள்ளையின் படிப்பு பல வேளைகளில் இடைநின்றுவிடுகிறது. எல்லோரும் அவளைப் பொறுப்புள்ள பிள்ளை எனப் பாராட்டுவர். அப்பாராட்டு அவளுக்குப் பரீட்சைச் சான்றிதழாகாது. அன்றியும், சாதி பார்த்தோ தொழிற்சங்கம் பார்த்தோ ஒரு வீட்டுப் பிள்ளை இஸ்தோப்பில் அமர்த்தப்படாதிருப்பின் அவ்வட்டம் சமூகமன்று, சிறு குழுவே. ஒருவரது எதிர்காலத்தைச் செலவிட்டு மற்றவரை வளர்ப்பது ஒப்புரவாகாது.

எனவே கூடிக் கற்கும் சமூகம் ஒன்றினை மதிப்பிடுவதற்கு எத்தனை பிள்ளைகள் தேறினர் என்ற கணக்கு மட்டும் போதாது. கற்பித்தவரும் கற்றாரா, வெளியே எவரேனும் விடப்பட்டனரா என்ற இரு வினாக்களையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். பல்கலைக்கழகம் வரை வந்த மலையக மாணவர் பலரின் பின்னே, சாதாரண தரத்தோடு நின்றுவிட்ட தமக்கை ஒருத்தி இருப்பாள். அவளுக்கு நன்றி கூறுவது எளிது. அவள் மகளுக்கு அதே நிலை வராமற் காப்பதே அக்கடனைச் செலுத்தும் முறையாகும். அது அவ்வொரு மாணவரின் கடன் மட்டுமன்று. அறம் பற்றிப் பேசவும் எழுதவும் வாய்ப்புப் பெற்ற நம் அனைவரின் கடனுமாகும்.