அவசரக்காரன் விலை



ஏழாம் கற்பனையைப் பற்றிப் பிரசங்கம் என்றால் நம்மில் அநேகர் சற்று நிம்மதியாகவே உட்கார்ந்து கேட்பதுண்டு. பூட்டை உடைத்தவன், சாக்கைத் தூக்கினவன், தராசைத் திருத்தினவன் ஆகிய இவர்களுக்கு உரிய கற்பனை அது என்பது நம் எண்ணம். நாமோ பேசி வாங்குகிறோம், பேசி விற்கிறோம். இரு தரப்பும் தலையசைத்த பிறகுதான் பணம் கைமாறுகிறது. இதில் களவு எங்கே வந்தது என்று கேட்போம். இந்த வாரம் அந்தத் தலையசைப்பைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். ஏலக்காயை நம்பி வாழும் போடியிலும் சிலமலையிலும் மலைச்சரிவிலும், பல வீடுகளில் அடுப்பு எரிவதும் எரியாததும் அதில்தான் இருக்கிறது.

மலைமேல் ஒரு ஏக்கர் வைத்திருக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவணி மாதத்துக் காய் எடுப்பு முடிந்தது. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் காய்ந்தால் ஒரு கிலோ உலர்காய். அப்படிச் சேர்ந்த எட்டுக் கிலோவை ஒரு பையில் கட்டி எடுத்து வருகிறார். ஏலத்துக்குக் கொடுத்தால் நல்ல விலை கிடைக்கலாம். ஆனால் அதற்கு நாள் பார்க்க வேண்டும், பணம் கைக்கு வரவும் சில நாட்களாகும். அவருக்கோ பணம் இன்று மாலைக்குள் வேண்டும். மகள் தேனி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். ஆகவே பையோடு ஒரு கடைப்படி ஏறுகிறார்.

கடைக்காரர் காயைப் பார்க்குமுன் அவர் முகத்தைப் பார்க்கிறார். அன்றைய ஏல விலை கடைக்காரரின் செல்போனில் இருக்கிறது. பைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளுகிறார். நிறம் இல்லை என்கிறார். வெடிப்புக் காய் அதிகம் என்கிறார். சந்தை இறங்குமுகம் என்கிறார். கடைசியில் கிலோவுக்கு முந்நூறு ரூபாய் குறைத்து ஒரு விலை சொல்கிறார். வந்தவர் தெருவில் இறங்கி நாலு எட்டு நடக்கிறார். பிறகு திரும்பி வந்து தலையசைக்கிறார். அவர் தெருமுனையைத் தாண்டுமுன் அதே காய் "நல்ல பச்சை" என்று பெயர் பெற்று உள்ளறைக்குப் போகிறது.

இது புதிய கதையல்ல. வாங்கும்போது மட்டம், மட்டம் என்று சொல்லிவிட்டு, அப்பால் போய்த் தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்ளுகிறவனைப் பற்றி வேதாகமத்தின் பழமொழிகளிலேயே ஒரு வசனம் உண்டு. அதை எழுதினவருக்கு நம் கடைவீதி நன்றாகவே தெரிந்திருக்கிறது!

இந்த முந்நூறு ரூபாய் யாருடையது? திருச்சபையின் பெரிய வேதசாஸ்திரியான அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் 13-ம் நூற்றாண்டிலேயே இதை விசாரித்திருக்கிறார். ஒரு பொருளை அதன் மதிப்புக்கு மேல் விற்பதும், மதிப்புக்குக் கீழ் வாங்குவதும் இரண்டுமே நியாயக்கேடு என்கிறார். அதோடு நில்லாமல் ஒரு நுட்பமான வித்தியாசமும் காட்டுகிறார். பொருளைக் கொடுப்பதால் எனக்கு நஷ்டம் உண்டானால், அந்த நஷ்டத்தை விலையில் சேர்க்கலாம், அது என்னுடையது. ஆனால் எதிரில் நிற்பவனுக்கு இருக்கும் விசேஷ அவசரம் என்னுடையதல்ல. என்னிடம் இல்லாத ஒன்றை நான் எப்படி விற்பது? வாங்குகிறவனின் நெருக்கடியை வைத்து விலையை ஏற்றக்கூடாது என்று அவர் சொன்ன இந்த நியாயம், விற்கிறவனின் நெருக்கடியை வைத்து விலையை இறக்குவதற்கும் பொருந்தும். மகளின் காய்ச்சல் கடைக்காரரின் சரக்கு அல்ல. அதற்கு அவர் முந்நூறு ரூபாய் வாங்க முடியாது.

வியாபாரம் செய்கிற நம் குடும்பத்தார் இதற்குள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. "சாமி, எங்கள் பாடு உங்களுக்குத் தெரியுமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். 2018-ம் ஆண்டு வெள்ளத்தில் கேரளத்து மலைத் தோட்டங்கள் பாழானபின், 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் உயர்ந்தபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-ம் ஆண்டுக்குள் சராசரி விலை ஆயிரத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் விழுந்தது. மேல் விலையில் வாங்கிச் சரக்கைக் கட்டிவைத்தவர் என்ன ஆனார் என்று நமக்குத் தெரியும். அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிற குவாத்தமாலா நாட்டுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் ஏலச்செடி போய்ச் சேர்ந்தது. இன்று அந்த நாட்டு விளைச்சலைப் பார்த்துத்தான் அரபு நாடுகள் நமக்கு விலை சொல்லுகின்றன. ஆகையால் கடை வாடகை, ரகம் பிரிக்கும் செலவு, எடைக் குறைவு, முதலின் வட்டி, நாளைய விலை விழுந்தால் வரும் ஆபத்து ஆகிய இத்தனைக்கும் வியாபாரி ஒரு வித்தியாசம் வைப்பதில் பாவமில்லை. அது அவருடைய உழைப்பின் கூலி. ஆனால் அந்த வித்தியாசம் எல்லாருக்கும் ஒன்றாய் இருக்க வேண்டும். நிதானமாய் வந்தவருக்கு ஐம்பதும், கண் கலங்கி வந்தவருக்கு முந்நூறும் என்றால், கூடின இருநூற்றைம்பதுக்கு வாடகையும் வட்டியும் காரணமல்ல.

இன்னொன்றும் கேட்பார்கள்: "எனக்குத் தெரிந்ததையெல்லாம் எதிராளிக்குச் சொல்லிக்கொண்டே வியாபாரம் செய்ய முடியுமா?" இந்தக் கேள்வி நம் ஆண்டவர் பிறப்பதற்கு முன்பே ஒரு துறைமுகப் பட்டணத்தை வைத்துக் கேட்கப்பட்டது. ரோமாபுரியின் சிசெரோ கி.மு. 44-ல் எழுதி வைத்த வழக்கு அது. ரோதஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு நல்ல மனிதர் கப்பல் நிறையத் தானியம் கொண்டு வந்து சேருகிறார். பின்னால் இன்னும் பல தானியக் கப்பல்கள் பாய் விரித்து வருவது அவருக்குத் தெரியும், பட்டணத்தாருக்குத் தெரியாது. சொன்னால் விலை விழும், சொல்லாவிட்டால் கேட்ட விலை கிடைக்கும். அவர் சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை, சட்டம் கேட்கிற குறைகளைச் சொன்னால் போதும் என்றார் ஒரு தத்துவ ஞானி. வேண்டும், நீயும் பசித்திருக்கிற அந்த ஜனங்களும் ஒரே மனித சமூகமல்லவா என்றார் மற்றவர். சொல்லாமல் மறைத்திருக்கக்கூடாது என்பதே சிசெரோவின் தீர்ப்பு. இவர்கள் எல்லாரும் சேசுநாதரை அறியாதவர்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அர்ச். தோமாஸ் இதில் அவ்வளவு கண்டிப்பாய் இல்லை. பின்னால் வரும் கப்பலைச் சொல்ல நீதியின்படி கட்டாயமில்லை, சொன்னால் அது மேலான புண்ணியம் என்கிறார். வியாபாரிகள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நாளை வரப்போகிற விலையை நான் ஊகிக்கிறேன் என்பது ஒன்று. இன்று ஏலத்தில் விழுந்த விலையை அறிந்திருந்தும் "சந்தை இறங்கிவிட்டது" என்று வாய்கூசாமல் சொல்லுவது வேறொன்று. முன்னதில் மௌனம், பின்னதில் பொய். பொய்க்கு எந்த வேதசாஸ்திரியும் இடம் கொடுக்கவில்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான துறைமுகம் ஒன்று உண்டு. நம் காய்க்கு உலகச் சந்தையில் வழங்கும் பெயரே அதன் பெயர்தான். ஏழு மில்லிமீட்டரும், லிட்டருக்கு 435 கிராம் எடையும் உள்ள முதல்தரக் காயை "ஆலப்பி கிரீன்" என்று மூட்டையில் எழுதுகிறார்களே, அந்த ஆலப்பி ஆலப்புழைப் பட்டணம். 1762-ல் வெளிநாட்டு வியாபாரத்துக்குத் திறந்த அந்தத் துறைமுகத்தில் குஜராத்திகளும் மாப்பிள்ளை முஸ்லிம்களும் வெள்ளைக்காரக் கம்பெனிகளும், கடலோரத்து நம் கத்தோலிக்க மீனவரும் பக்கத்துப் பக்கத்தில் பிழைத்தார்கள். 1862-ல் கட்டிய கடற்பாலத்தின் துருப்பிடித்த தூண்களை இன்றும் அங்கே பார்க்கலாம்.

அக்காலத்தில் திருவிதாங்கூர் மலையில் விளைந்த ஏலக்காய் முழுவதும் சர்க்காருக்கே சொந்தம். விளைவித்தவர்களில் அநேகர் கம்பம், போடிப் பக்கத்துத் தமிழர். அவர்கள் காயை வேறு யாருக்கும் விற்கக்கூடாது. சர்க்கார் கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். சர்க்காரோ அதை ஆலப்புழைக்குக் கொண்டுபோய் ஏலம் போட்டு விற்கும். பெரும்பாலும் மாப்பிள்ளை வியாபாரிகள் எடுப்பார்கள். உயர்ந்த ரகம் லண்டனுக்குக் கப்பலேறும். துறைமுகத்தில் பலர் போட்டி போட்டார்கள், விலை ஏறியது. மலையில் வாங்குகிறவர் ஒருவரே, விலையும் அவர் சொன்னதே. இரவோடிரவாய்க் கணவாய் வழியே காய் இந்தப் பக்கம் கடத்தப்பட்டதில் வியப்பென்ன? கடத்தலை நான் புகழவில்லை. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவனோடு பேசுவதற்குப் பேரம் என்று பெயரில்லை, அவ்வளவுதான். 1896-ல் அந்த ஏகபோகம் நீங்கி நிலவரி வந்தது.

செடிக்கும் ஏலம் என்று பெயர், கூறி விற்பதற்கும் ஏலம் என்று பெயர். இரண்டாவது சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து நம் துறைமுகங்களில் இறங்கியது என்பார்கள். அது நல்ல ஏற்பாடுதான். பலர் காதிலும் விழும்படி விலை சொல்லப்படுகிறது. 2007 முதல் கம்ப்யூட்டர் வழியாய் நடப்பதால் யார் முகத்தையும் பார்த்து விலை வைக்க முடியாது. அந்த இடத்துக்கு வர முடியாத எட்டுக் கிலோக்காரர் முன் நாம் உட்காரும்போது, அந்தப் பழைய சர்க்காரின் நாற்காலியில் உட்காருகிறோம். நம் பாட்டன்மார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை மறக்கிறோம்.

காய்க்குச் சொன்னது கூலிக்கு இரட்டிப்பாய்ப் பொருந்தும். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறுகிற பெண்களும், கடைகளில் தரையில் உட்கார்ந்து நாள் முழுதும் கண் வலிக்க ரகம் பிரிக்கிற பெண்களும் நம் பங்கில் எத்தனை பேர்? காய் இல்லாத மாதங்களில் குறைந்த கூலிக்கும் ஆள் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். வருகிறார்களே, சம்மதித்துத்தானே வருகிறார்கள் என்கிறோம். பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ல் தொழிலாளரைப் பற்றி எழுதிய நிருபத்தில் இந்தச் சம்மதத்தைத்தான் எடுத்துப் பேசினார். முதலாளியும் தொழிலாளியும் மனமொத்து எந்த உடன்படிக்கையும் செய்துகொள்ளலாம்; ஆனால் எந்த உடன்படிக்கைக்கும் முந்திய நீதி ஒன்று உண்டு; இன்னும் மோசமானது வருமே என்ற பயத்தால் ஒருவன் குறைந்த கூலிக்கு இணங்கினால், அவன் பலாத்காரத்துக்கு உட்பட்டவனே என்றார். கூலிக்காரர் கூலியைப் பிடித்துவைப்பது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் சிறுபிள்ளைகள்கூடப் படிக்கிறார்கள்.

காய்க்குச் செயற்கைப் பச்சை ஏற்றுவதைப் பற்றி இங்கே விரித்துப் பேசப் போவதில்லை. அது தின்பவர் வயிற்றில் போகிற பொய்; சட்டமும் தடுக்கிறது. செய்கிறவர்களுக்கும் அது தெரிந்தே இருக்கிறது.

அப்படியானால் பேரமே கூடாதா? கூடும். பிதாப்பிதாவாகிய ஆபிரகாம் பேசி வாங்கியிருக்கிறார். மனைவி சாராள் இறந்து கிடக்கிறாள். அடக்கம் செய்யச் சொந்தமாய் ஓரடி நிலமில்லை. எப்ரோன் என்பவனுடைய குகை வேண்டும். சும்மாவே எடுத்துக்கொள்ளும் என்கிறான் அவன், ஊரார் கேட்கும்படி. பிறகு மெதுவாய், நானூறு வெள்ளி உமக்கும் எனக்கும் என்ன பெரிது என்று விலையையும் சொல்லிவிடுகிறான். நம்மூர்த் தரகர் எவரும் இதைவிட நயமாய்ச் சொல்ல முடியாது! துக்க வீட்டுக்காரனின் அவசரம் எப்ரோனுக்கு நன்றாய்த் தெரிந்திருந்தது. வேதாகமம் அவனைக் கண்டிக்கவில்லை. ஆபிரகாம் வாதாடாமல் சந்தை நிறையில் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார் என்று மட்டும் சொல்லுகிறது. எப்ரோன் வாங்கினது கொஞ்சம் அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதை வாசிக்கும் சிலருக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வரலாம். அவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அநியாயமாய் வந்ததைத் திருப்பிக் கொடுக்கும் மனமில்லாமல் செய்யும் பாவசங்கீர்த்தனம் நிறைவாகாது. சக்கேயு நாலத்தனையாய்க் கொடுக்கிறேன் என்றான். நாம் ஒரு மடங்காவது கொடுக்க வேண்டாமா? ஆளைத் தெரியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் ஆளைத் தெரிந்திருக்கும்போது அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டுக் கணக்கை முடிக்க முடியாது. திருவிழாவுக்குத் தேர் அலங்காரம் செய்து வைத்தாலும் முடியாது. எட்டுக் கிலோவுக்கு, கூட எடுத்தது இரண்டாயிரம் ரூபாய். அதை ஒரு உறையில் போட்டு, அடுத்த காய் எடுப்புக்கு அவர் பையோடு படியேறும்போது, "போன ஆவணிக் கணக்கில் விட்டுப்போனது, அண்ணே" என்று கையில் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் எண்ணிப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார், பார்க்கட்டும். பிறகு அன்றைய ஏல விலையைச் செல்போனில் அவருக்குக் காட்டிவிட்டு, பையைத் தராசில் வையுங்கள்.