வேரற்ற தாவரமும் சமண அறமும்

வெள்ளிக் கோளின் தரை 450 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் கொதித்தாலும், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அதன் முகில்களில் அழுத்தமும் வெப்பமும் உயிர் தாங்கக்கூடிய அளவுக்குத் தணிந்திருப்பதைக் கருத்தில் கொண்டு, அறிவியலாளர்களான ஹெரால்டு மோரோவிட்சும் கார்ல் சேகனும் 1967இல் அங்கு வாழத்தக்க ஓர் உயிரைக் கற்பனை செய்தனர். ஒளியால் உணவாக்கி, அவ்வினையில் பிறக்கும் ஹைட்ரஜனை மெல்லிய பைக்குள் தேக்கி, முகிலின் ஈரத்தையும் கீழிருந்து எழும் தூசியின் கனிமங்களையும் உட்கொண்டு மிதந்தபடியே வாழும் தாவரம் அது. அம்முகில்கள் கந்தக அமிலத்தால் ஆனவை என்பது பின்னரே தெளிவாயிற்று என்றாலும், அக்கற்பனை எழுப்பும் அறவியல் வினா அதனால் வலுவிழக்கவில்லை.

வேரைத் தாவரத்தின் வாய்க்கு ஒப்பிட்ட அரிஸ்டாட்டில், ஊட்டமும் வளர்ச்சியும் இனப்பெருக்கமுமே தாவர ஆன்மாவின் தொழில்கள் என்று வகுத்தமையால், இவ்வுயிர் அவருடைய வரையறைக்குள் எளிதில் அடங்கிவிடும். சமணத்தில்தான் வினா கூர்மை பெறுகிறது. அங்கு உயிர்கள் ஸ்தாவரம் எனப்படும் நிலைத்திணை என்றும், திரசம் எனப்படும் இயங்குதிணை என்றும் பிரிக்கப்படுவதோடு, இல்லறத்தாரின் கொல்லாமை விரதம் முதன்மையாக இயங்குதிணையையே காக்கிறது. உழவும் சமையலுமின்றி இல்வாழ்க்கை நடவாது என்பதால் நிலைத்திணையான ஓரறிவுயிர்களைப் பொறுத்து அவர்களுக்குத் தளர்வு உண்டு. அவ்வாறாயின், காற்றோடு கோளைச் சுற்றிவரும் இத்தாவரம் எத்திணையைச் சேரும்?

சமணத் தத்துவ நூலான தத்துவார்த்த சூத்திரத்தின், சுவேதாம்பரப் பிரிவினர் ஏற்கும் பாடம் தீயுடல் உயிரையும் காற்றுடல் உயிரையும் இயங்குவனவற்றுள் வைக்க, திகம்பரப் பிரிவினரின் பாடம் அவற்றையும் நிலைத்திணையாகவே கொள்கிறது. பின்னதற்கு உரைகண்ட பூஜ்யபாதர், அசைவும் அசைவின்மையும் இப்பிரிவுக்கு அளவுகோல் ஆகா என்றும், உடலின் இயல்பை வகுக்கும் நாமகருமத்தின் உதயமே அதை முடிவுசெய்கிறது என்றும் விளக்கினார். இவ்விளக்கமே வலுவானது, ஏனெனில் காற்றால் கொண்டுசெல்லப்படுவதும் தானே செல்வதும் ஒன்றல்ல, கருப்பையில் அசையாதிருக்கும் சிசு நிலைத்திணை ஆகிவிடுவதும் இல்லை. ஆகவே மிதக்கும் தாவரமும் தொடுவுணர்வு ஒன்றே உடைய நிலைத்திணையே.

ஆயினும் இம்முடிவு அதனைத் தடையின்றி அழிக்க இசைவு தருவதன்று. இல்லறத்தாருக்கு உரிய குணவிரதங்களுள் ஒன்றான அனர்த்ததண்ட விரதம், பயனின்றி மண்ணைத் தோண்டுவதையும் செடியை வெட்டுவதையும்கூட விலக்குகிறது. வெள்ளியின் முகில்களில் அடுப்புக்கோ ஏருக்கோ வேலை இல்லை. அங்கு ஓர் ஆய்கலம் அத்தகைய உயிரை அறுத்துச் சோதிக்குமானால், அறிவு வேட்கை என்பது அவ்விரதம் ஏற்கும் பயன்தானா என்பதையே முதலில் தீர்க்க வேண்டியிருக்கும்.